அப்பாட அப்பம்

மாவில் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய அது உதிர்ந்துகொண்டே வந்தது. புஷ்பமலர் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். உருண்டையாகி வருவதுபோல் இருந்தது. வைன் போத்தலை வைத்து உருட்டியதும் விளிம்பெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகப் பிரிந்தது. சேர்த்துப் பிடித்து மறுபடி உருட்டினாள். மறுபடி வெடித்தது.

கூடத்தில் அன்னமக்கா செபமாலையின் முன்பாதியைச் சொல்ல, பின்பாதியை மகன் டெஸ்மன் ஒருவனே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாதி வார்த்தைகள் மறந்துபோயிருந்தன. மறந்த இடங்களில் முனகிக்கொண்டே போய் ஆமெனில் வந்து சேர்ந்தான். இரண்டு பாதிகளுக்கும் நடுவில், கட்டிலில் கிடந்த அவள் கணவர் டொமினிக்கின் மூச்சு கேட்டது. இழுத்தது, விட்டது, நின்றது. நின்ற இடத்தில் புஷ்பமலரின் கையும் நின்றது. மூச்சு திரும்ப வந்ததும் கை மாவுக்குப் போனது.

பத்து மணி கொண்ட ஒரு காரணிக்கம் முடிந்ததும் அன்னமக்கா மணிகளை விரலில் சுற்றியபடியே குசினிக்குள் வந்தாள். மன்னாரில் புஷ்பமலர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள்; இங்கே ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயிலும் அவ்வளவு தூரத்தில்தான் இருந்தாள். செபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. சாவு விழப்போகும் வீடுகளுக்கு யாரும் கூப்பிடாமலே வருவாள். வந்தால் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, செபமும் சொல்வாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? மனுசன் அங்க இழுத்துக்கொண்டு கிடக்குது, நீ இஞ்ச நிண்டு ரொட்டி தட்டுறாய்."

"ரொட்டி இல்லையக்கா."

"பின்னை?"

"அப்பம்."

அன்னமக்கா நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த ஒரு சொல்லால்தான் காலையில் அவ்வளவும் நடந்திருந்தது.

காலையில் புஷ்பமலர் குளிக்கப் போயிருந்த நேரம், கட்டிலருகே அன்னமக்கா மட்டும் இருந்தாள். இரண்டு நாளாக வாய் திறக்காத டொமினிக் கண்ணைத் திறந்து, "அப்பம்" என்றார். அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள். மறுபடியும் அதையே சொன்னார். அன்னமக்கா ஓடிவந்து குளியலறைக் கதவில் தட்டினாள்.

"மலர்! ஆண்டவர் கண் திறந்திட்டார். உன்ர மனுசன் நன்மை கேக்குது!"

தலையில் சவர்க்கார நுரையோடு புஷ்பமலர் அப்படியே நின்றாள். இருபத்தைந்து வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் அந்த நற்கருணை அப்பத்தை வாங்க வேண்டும் என்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டொமினிக் அவளைக் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்குவார். பூசை முடியும்வரை காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். மழை பெய்தால் குடையோடு படிவரை வருவார். படிக்கு மேலே வரமாட்டார்.

"ஒருக்கா உள்ள வந்தா என்னப்பா? நன்மை எடுக்க வேண்டாம். சும்மா வந்து இருங்கோவன்."

"நான் போறணைக்காரன், மலர். மற்றவன் சுட்ட அப்பம் தின்னமாட்டன்."

"வாயைக் கழுவுங்கோ."

"சுவாமியின்ர அப்பத்தில சத்தமும் இல்லை."

வீடு வந்து சேரும்வரை அவள் அவரோடு கதைக்கமாட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கார் ஓட்டுவார். எது விளையாட்டு, எது உள்ளே கிடக்கும் கோபம் என்று அவளால் ஒருநாளும் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் தானாகக் கேட்டார் என்றால்! ஈரத் தலையோடு ஓடிவந்தவள் அவரிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நேரே கோயிலுக்குப் போன் எடுத்தாள்.

பங்குச் சுவாமி பிலிப்பைன்ஸ்காரர், சின்ன வயசு. மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு வந்தார். சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தை எண்ணெய் பூசினார். பிறகு அப்பத்தில் நகத்தளவு கிள்ளி, ஒரு துளி தண்ணீரில் நனைத்து, டொமினிக்கின் நாக்கில் வைத்தார். டொமினிக்கின் கண் திறந்தே இருந்தது. நாக்கு அதை ஒருதரம் புரட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல, வேண்டாத ஒன்றைத் தள்ளுவதுபோல், வெளியே தள்ளியது. வெள்ளைத் துண்டு உதட்டுக்குக் கீழே நாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சுவாமி பதறவில்லை. வாய் காய்ந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்று ஆங்கிலத்தில் சொல்லி, அதை விரலால் எடுத்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு, அதற்குள் போட்டு, மேலே சின்னத் தட்டால் மூடினார். முழுக்கக் கரைந்த பிறகு யாரும் மிதிக்காத மண்ணில் ஊற்றச் சொன்னார். புஷ்பமலரின் தோளை ஒருதரம் தொட்டுவிட்டு இன்னொரு வீட்டு நோயாளியைப் பார்க்கப் போனார்.

அன்னமக்கா நடைக்குள் நின்று போனில் யாரிடமோ சொன்னது கூடம்வரை கேட்டது. "துப்பிப்போட்டார். ஓம், கண் முழிச்சுக்கொண்டு. கடைசி நேரத்திலயும் ஆண்டவரைத் துப்பிப்போட்டார் எண்டு சொல்லுறன்."

புஷ்பமலர் ஈரத்துணியால் அவருடைய நாடியைத் துடைத்தாள். அவர் அவளையே பார்த்தார். ஒன்றும் விளங்காத குழந்தையைப் பார்ப்பதுபோன்ற பார்வை. "அப்பம்" என்றார். நீண்ட நேரம் மூச்சைச் சேர்த்துவிட்டு இன்னொரு சொல் சொன்னார்.

"சத்தம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இந்த ஊருக்கு வருமுன் டொமினிக் பிரான்ஸில் இருந்தார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே கோப்பை கழுவப் போனவரை விறகு எரியும் போறணை அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்கள். தார்த் ஃப்ளாம்பே என்று ஒரு சாமான். ஈஸ்ட் போடாத மாவை காகிதம்போல் உருட்டி, புளிப்புக் கிறீம் பூசி, வெங்காயமும் பன்றி இறைச்சியும் தூவி, கொதிக்கிற சூட்டில் கண் மூடித் திறக்குமுன் சுட்டெடுப்பது. விசா மறுத்து அவர்கள் திருப்பி அனுப்பும்வரை அதைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். ஆக்லாந்து வந்து கட்டட வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் வீட்டில் சுடுவார். அன்றைக்குக் குசினிக்குள் அவளுக்கு இடமில்லை. வாசலில் நின்று பார்க்கலாம். கோயிலில் கொடுக்கும் அறிவித்தல் தாளை மாவுக்குக் கீழே வைத்து, "வாசி பாப்பம். எழுத்துத் தெரிஞ்சால் காணும்" என்பார். சுட்டு எடுத்ததும் ஒரு விளிம்பைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒடிப்பார். "சத்தம் வரோணும். சத்தமில்லாட்டி அது ரொட்டி."

பிரெஞ்சுப் பெயர் வாயில் நுழையாமல் மூன்று வயசு டெஸ்மன் வைத்த பெயர்தான் அப்பாட அப்பம். பிறகு வீட்டில் வெறும் அப்பம்.

"அந்த மனுசனுக்குத் தண்ணியே இறங்கேல்லை" என்றாள் அன்னமக்கா இப்போது. "ஆர் தின்ன இதைச் சுடுறாய்?"

"தின்ன இல்லையக்கா. கேக்க."

"உனக்கு விசர். பேசாமல் வந்து பக்கத்தில இரு. பிறகு இருக்கேலாது."

புஷ்பமலர் மறுபடி வைன் போத்தலை உருட்டினாள். அன்னமக்கா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மாவு மறுபடி வெடித்தது.

வாசல் மணி அடித்தது. சாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஹொஸ்பிஸ் நர்ஸ் பூங்கோதை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். மருந்தை ஏற்றும் சின்ன மெஷினைப் பார்த்து, ஊசியை மாற்றி, போர்வையைத் தூக்கி டொமினிக்கின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கை கழுவக் குசினிக்கு வந்தாள்.

"காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சும்மா. முட்டி வரைக்கும்."

"எவ்வளவு நேரம் இருக்கும் பிள்ளை?"

"நேரம் சொல்ல முடியாதும்மா. நான் இருக்கேன், போகல." மேசையைப் பார்த்தாள். "என்ன செய்யுறீங்க?"

"அப்பம்."

"ஆப்பமா? அதுக்கு அரிசி ஊறப்போட்டு, ராத்திரியே அரைச்சு வைக்கணுமே."

"அது இல்லை. இது வேற அப்பம். அவர் சுடுறது. அவருக்குக் கேக்குமோ பிள்ளை? சத்தம் வந்தால்?"

பூங்கோதை கை துடைத்த துணியை மடித்தாள். "காதுதாம்மா கடைசி வரைக்கும் இருக்கும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. செய்யுங்க. சீக்கிரமாச் செய்யுங்க." பிறகு உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "கோதுமை மாவுதானே? ஏன் இப்படி உதிருது?"

"தெரியேல்லை. தண்ணி காணாதாக்கும்."

பூங்கோதை மாப் போத்தலைத் திறந்து மாவைக் கையில் எடுத்தாள். "இது என்னவோ மாதிரி இருக்கேம்மா. வெந்த மாதிரி."

"அவிச்ச மா" என்றாள் புஷ்பமலர்.

"மாவை அவிப்பீங்களா? எதுக்கு?"

"புட்டுக்கு. இடியப்பத்துக்கு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வாய் நின்றுவிட்டது. வாராவாரம் துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, அவளே அடைத்து வைக்கும் மா. அவிச்ச மாவில் இழுவை இருக்காது. அதனால்தானே புட்டு பொலபொலவென்று வருகிறது. கண்ணுக்கு முன்னால் இருந்த மாப் போத்தலைக் கை தானாக எடுத்திருந்தது. அரை மணித்தியாலம் அதிலேயே போய்விட்டது.

"டெஸ்மன்!"

அவன் ஓடிவந்தான். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வந்தவன் குசினியைப் பார்த்துத் திகைத்தான்.

"மேல் தட்டில அப்பாட அவிக்காத பச்சை மா டின் கிடக்கு. எடு."

"அம்மா, ஹீ கான்ட் ஈட்."

"தெரியும். எடு மோனை."

எடுத்துக் கொடுத்தான். மூடியைத் திறந்ததும் டொமினிக்கின் விரல்கள் கடைசியாக அள்ளிய பள்ளம் மாவில் அப்படியே இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து அள்ளினாள். உப்பு, எண்ணெய், இளஞ்சூட்டுத் தண்ணீர். இந்த மா பிசையப் பிசையக் கைக்கு இசைந்தது. இழுத்தால் இழுபட்டது, விட்டால் சுருங்கியது.

"அப்பா மாவைக் கொஞ்சம் பொறுக்க விடுவார்" என்றாள்.

"டைம் இல்லை அம்மா. தாங்கோ." டெஸ்மன் வைன் போத்தலை வாங்கினான். தோளிலிருந்து பலம் கொடுத்து உருட்டினான். அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான் என்பது அவன் மாவைக் கால்வட்டம் திருப்பித் திருப்பி உருட்டிய விதத்தில் தெரிந்தது. அவள் போறணையை உச்சச் சூட்டுக்குத் திருகி, தட்டைக் கவிழ்த்து உள்ளே வைத்தாள். வெங்காயம் அரிந்தாள். பிரிட்ஜில் புளிப்புக் கிறீம் கொஞ்சம் இருந்தது. இறைச்சி இல்லை.

டெஸ்மன் பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்த கோயில் தாளை எடுத்து மாவுக்கு அடியில் நுழைத்தான். குனிந்து வாசித்தான்.

"கராஜ் சேல்... சாட்டர்டே... பிளீஸ் பிரிங்..." நிறுத்தினான். "தெரியுது அம்மா."

கூடத்திலிருந்து அன்னமக்காவின் குரல் வந்தது. "மலர்! வா இஞ்சால! மூச்சு மாறுது!"

டெஸ்மன் கையைத் துடைக்காமலே ஓடினான். புஷ்பமலர் கிறீமைப் பூசினாள். கரண்டி விளிம்பில் தட்டித் தட்டிப் பூசினாள், அவர் பூசுவதுபோல். வெங்காயத்தைத் தூவினாள். மாவைச் சுடுதட்டின்மேல் சரித்துவிட்டுக் கதவை மூடினாள்.

"மலர்! கேக்குதோ?"

கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளையாகக் கிடந்தது. இப்போது போனால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். போனால் இது கருகும், அல்லது வேகாது. எதுவானாலும் சத்தம் வராது. கலியாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் வாய் திறந்து ஒன்று கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. தேத்தண்ணிகூட அவரே ஊற்றிக்கொள்வார். அவள் குசினியில் நின்றாள். கூடத்தில் செபம் வேகமானது. அன்னமக்கா முன்பாதியையும் பின்பாதியையும் தானே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

ஓரத்தில் ஒரு கொப்புளம் எழும்பியது. பிறகு ஒன்று. கிறீம் கொதித்தது. விளிம்பு பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுப்புக்குத் திரும்பியது. கறுத்தால்தான் சரி என்பார் அவர். இன்னும் கொஞ்சம். கையில் கிடைத்த துணியால் தட்டை இழுத்து, பலகையில் சரித்து, விளிம்பில் ஒரு துண்டை வெறும் விரலால் முறித்தெடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்னமக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பூங்கோதை கால்மாட்டில் நின்றாள். டெஸ்மன் சுவரோடு சாய்ந்து அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு நின்றிருந்தது. இதற்கு முன்னும் அப்படி நின்று நின்றுதான் வந்திருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள் புஷ்பமலர்.

அவருடைய காதுக்குப் பக்கத்தில் துண்டை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தாள்.

தீக்குச்சி முறிவதுபோன்ற சின்னச் சத்தம். அறை முழுவதும் கேட்டது. அன்னமக்காவின் செபம் நின்றது. எல்லோரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். போர்வைக்குள் மருந்து மெஷின் ஒருதரம் உறுமி ஓய்ந்தது. இன்னொருதரம் உறுமியது. கறுத்த துகள்கள் தலையணையில் விழுந்து கிடந்தன.

பூங்கோதை கிட்ட வந்து, குனிந்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு மெஷினை நிறுத்தினாள்.

அன்னமக்கா குசினிக்குப் போய் போறணையின் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்தாள். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பலகையில் கிடந்ததன்மேல் ஈரத்துணி ஒன்றை எடுத்து மூடினாள். அதை அவள் அக்கறையாகத்தான் செய்தாள்.

பிரேதத்தை எடுத்துப்போகும் மையச்சாலைக்காரர் இருட்டுமுன் வந்துவிட்டார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இருவரும் கறுப்புக் கோட். அவரைத் தூக்கியபோது தலையணையில் கிடந்த துகள்களை அந்தப் பெண் தட்டிவிடப் போனாள். புஷ்பமலர் முந்திக்கொண்டு உள்ளங்கையில் கூட்டியெடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கம்பளிச் சட்டையின் பைக்குள் போட்டாள்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. பாபகூராவிலிருந்து, ரானுயியிலிருந்து, சோற்றுச் சட்டிகளோடும் மரக்கறியோடும். எல்லோருக்கும் அப்பம் கதை ஏற்கனவே தெரிந்திருந்தது. நடையில் சப்பாத்துக் கழற்றும்போதே தாழ்ந்த குரல்கள் கேட்டன.

"பாவம் அவள்" என்று அன்னமக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஓடிப்போய் சுட்டுக்கொண்டு வந்தவள்தான். வரமுந்தியே முடிஞ்சுது."

"இல்லை அன்ரி" என்றான் டெஸ்மன். அவனுடைய குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "ஆஃப்டர். சத்தம் கேட்டதுக்குப் பிறகுதான். ஐ வாஸ் வாட்சிங் ஹிம்."

"நீ என்னத்தைப் பாத்தனி மோனை? நாடியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது நான்."

"ஹிஸ் ஐஸ் மூவ்ட்."

"அது வெளிச்சம், மோனை."

இருவரும் புஷ்பமலரைப் பார்த்தார்கள். வந்திருந்தவர்களும் பார்த்தார்கள். நாற்காலியில் இருந்தவள் சட்டைப் பைக்குள் கையை விட்டு, துகள்களைத் தொட்டுவிட்டு, வெறுங்கையாக வெளியே எடுத்தாள்.

"எல்லாரும் தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்றாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. டெஸ்மன் சோபாவில் காலை மடக்கி நித்திரையாயிருந்தான். கூடத்தில் வாடகைக் கட்டில் விரிப்பு உரித்த மெத்தையோடு நின்றது. புஷ்பமலர் அலமாரியின் மேலிருந்த, சுவாமி மூடிவைத்த கிளாஸை எடுத்து, தட்டை நீக்கிப் பார்த்தாள். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அடியில் லேசான ஒரு கலங்கல். பின்கதவைத் திறந்து, வேலியோரம் தேசிக்காய் மரத்தடிக்குப் போனாள். அங்கே யாரும் மிதிப்பதில்லை. மெல்ல ஊற்றினாள். மண் ஏற்கனவே நனைந்திருந்ததால் ஊற்றிய இடம் தெரியவில்லை.

உள்ளே வந்தபோது, இரவு அங்கேயே தங்கிய அன்னமக்கா எழும்பி, முகம் கழுவி, கூடத்தில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

புஷ்பமலர் பலகையின் மேலிருந்த துணியை விலக்கினாள். ஒரு விளிம்பு குறைந்த அப்பம். கிறீம் மஞ்சளாகி, வெங்காயம் சுருங்கிக் கிடந்தது. கறுத்த பக்கத்தில் ஒரு துண்டைப் பிடித்து ஒடிக்கப் பார்த்தாள். அது ஒடியவில்லை. துணிபோல் மடிந்தது. விரித்துவிட்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் மடிந்தது.

அதைக் கிழித்து வாயில் வைத்தாள்.

கூடத்தில் அன்னமக்கா சிலுவை அடையாளத்தோடு தொடங்கி, முதல் மணியைப் பிடித்து, முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். பின்பாதிக்காகக் காத்திருந்தாள்.

"மலர்?" என்றாள் கொஞ்சம் பொறுத்து.

புஷ்பமலர் சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள்.